முதலில் தண்ணீரைச் சோதிப்போம், பிறகு ஃபில்டரைப் பார்ப்போம்



சம்பளம் போட்ட வாரத்தில் லயத்துக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் சேலை வியாபாரிகளும் பாத்திரக்காரர்களும்தான். இப்போது தண்ணீர் ஃபில்டர் விற்கிறவர்களும் வருகிறார்கள். கையில் ஒரு மீட்டர், பையில் இரண்டு கிளாஸ், கூடவே தவணைப் பத்திரம். "உங்கள் கிணற்றுத் தண்ணீரில் விஷம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கிட்னி போய்விடும்" என்கிறார்கள். பயந்துபோன தாய் கையெழுத்து வைக்கிறார். அடுத்த ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் தவணை போகிறது. அந்த மெஷின் அந்தக் கிணற்றுத் தண்ணீருக்குப் பொருத்தமானதுதானா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

நாம் ஃபில்டருக்கு எதிரி அல்ல. தன் பிள்ளை நல்ல தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நினைக்கும் தாயை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் பயத்தில் வாங்கும் பொருள் பயன் தருவது அரிது. இந்த விஷயத்தில் நமது நிலைப்பாடு இரண்டு. முதலாவது, தண்ணீரைச் சோதித்து முடிவு கைக்கு வரும்வரை எந்த ஃபில்டருக்கும் காசு கொடுக்கக் கூடாது. இரண்டாவது, கிணற்றையும் ஊற்றையும் சோதிப்பதும் காப்பதும் தோட்ட நிர்வாகத்தினதும் பிரதேச சபையினதும் அரசாங்கத்தினதும் கடமை. அந்தக் கடமையைத் தவணைப் பத்திரமாக மாற்றி நமது தலையில் கட்ட நாம் விடக் கூடாது.

காசுக் கணக்கைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஒரு மெஷின் 40,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்தச் சம்பளத்தில் அது 30 முழுப் பேர். பிடிப்புகள் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் பார்த்தால் அதற்கும் மேல். ஒரு மாதத்துக்கும் அதிகமான உழைப்பை ஒரு பொருளில் போடும் முன் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

மீட்டர் சொல்வது என்ன?

விற்க வருகிறவர் முதலில் எடுப்பது டீ.டீ.எஸ் மீட்டர். தண்ணீரில் விட்டால் ஓர் எண் வரும். அந்த எண் காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு மட்டுமே. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614, கரைந்த உப்புகள் லீட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. நோய்க் கிருமி இருக்கிறதா என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. பூச்சிமருந்து இருக்கிறதா என்றும் தெரியாது. மலையுச்சியில் ஊறி வரும் தண்ணீரில் உப்பு குறைவு. அதில் மலக்குழிக் கசிவு கலந்திருந்தாலும் மீட்டர் 50, 60 என்று நல்ல எண்ணையே காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பிக் குடித்தால் பிள்ளைக்கு வயிற்றோட்டம்தான் மிச்சம்.

அடுத்த வித்தை கரண்டில் மாட்டும் கம்பி. ஒரு கிளாஸில் நமது கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவர்களுடைய மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பியை வைத்துக் கரண்ட் விட்டதும் நமது தண்ணீர் பழுப்பாகி அழுக்கு மிதக்கும். அவர்களுடையது தெளிவாகவே இருக்கும். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். நடப்பது இதுதான்: அந்தக் கம்பியில் இரும்பு இருக்கிறது. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் பாயும், இரும்பு கரைந்து துருவாகும். நாம் பார்க்கும் அழுக்கு கம்பியிலிருந்து வந்த துரு. மெஷின் தண்ணீரில் உப்பு இல்லாதபடியால் கரண்ட் சரியாகப் பாயாது, துருவும் வராது. அடுத்த முறை அப்படி ஒருவர் வந்தால் அவருடைய நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டுவிட்டுக் கம்பியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். லயத்தில் எல்லோரும் பார்க்கட்டும்.

ஊவாவின் தண்ணீர் ஒரே மாதிரி இல்லை

பதுளை மாவட்டமும் மொனராகலை மாவட்டமும் சேர்ந்தது ஊவா. அப்புத்தளையில் குளிரில் நடுங்கும் அதே நேரம் வெல்லவாயவில் வெயில் கொளுத்தும். தண்ணீரும் அப்படித்தான். ஒரே மெஷினை இரண்டு இடத்திலும் விற்கிறவர் ஓர் இடத்திலாவது நம்மை ஏமாற்றுகிறார்.

அப்புத்தளை, பண்டாரவளை, நமுனுகுல, பசறை, மடுல்சீமை, ஹாலிஎல போன்ற மலைத் தோட்டங்களில் முதலில் பயப்பட வேண்டியது கிருமிக்கு. பீலிக்கும் கிணற்றுக்கும் மேலே சரிவில் லயம், லயத்துக்குப் பின்னால் மலசலகூடக் குழி, பக்கத்தில் மாட்டுப்பட்டி. மழை அடித்தால் எல்லாம் மண்ணோடு கீழே இறங்கும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி, பூச்சி எல்லாம் இந்த வழியில்தான் வீட்டுக்குள் வருகின்றன. எஸ்.எல்.எஸ். 614 இதில் கண்டிப்பானது: 100 மில்லிலீட்டர் தண்ணீரில் ஈ.கோலை என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்தக் கிருமி இருந்தால் மனிதரின் அல்லது மிருகத்தின் மலம் தண்ணீரில் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

பதுளைப் பக்கம் கீழே இறங்கி மஹியங்கனை, கிராந்துருகோட்டை போனாலும், மொனராகலைப் பக்கம் வெல்லவாய, புத்தள போனாலும் வரண்ட வலயம் தொடங்குகிறது. அங்கே நிலத்தடி நீரில் கடினத்தன்மையும் புளோரைட்டும் ஏறியிருக்கும் கிணறுகள் உண்டு. காரணம் முழுதாக நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. அதே நோய் நமது மாகாணத்தின் கிராந்துருகோட்டையிலும் பல குடும்பங்களைத் தாக்கியிருக்கிறது. அதன் காரணத்தை ஆராய்கிறவர்கள் கடின நீரையும் புளோரைட்டையும் விவசாய இரசாயனங்களையும் கடும் வெயிலில் உடம்பு நீர் வற்றுவதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அந்தப் பகுதிகளில் உப்பையும் புளோரைட்டையும் நீக்கும் மெஷினுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் கிராந்துருகோட்டையின் பயத்தைக் காட்டி மடுல்சீமை ஊற்றுத் தண்ணீருக்கு மெஷின் விற்பது வியாபாரத் தந்திரம்.

இவை இரண்டுக்கும் நடுவே இன்னும் சில கவனிக்க வேண்டும். வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு, மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே கிணறு இருந்தால் உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டைச் சோதிக்க வேண்டும். அதன் எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து, உடம்பு நீலம் பாயும். தேயிலை மலையில் மருந்து அடிக்கும் இடத்துக்குக் கீழே ஊற்று இருந்தால் அதையும் சொல்லிச் சோதனை கேட்க வேண்டும். வாளியில் செம்மண் நிறம் படிந்து, தண்ணீரில் இரும்பு வாடை அடித்தால் இரும்புச் சத்து அதிகம்.

காலமும் முக்கியம். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது கொழுந்து குறையும், கிணறு வற்றும், அடியில் இருக்கும் தண்ணீரில் உப்பு கூடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது அதே கிணறு கலங்கிக் கிருமி ஏறும். ஆகவே ஒரு சோதனை போதாது. பெருமழைக்குப் பின் ஒன்று, வறட்சியில் ஒன்று என வருஷத்துக்கு இரண்டு வேண்டும்.

எந்தத் தண்ணீருக்கு எது உதவும்?

கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும் பழைய வழி, இன்றும் நம்பக்கூடிய வழி. தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும், பிறகு மூடி வைத்து ஆற விடுங்கள். சூடானதும் இறக்கிவிடக் கூடாது. ஆனால் கொதிக்க வைப்பதால் உப்போ புளோரைட்டோ நைட்ரேட்டோ போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

கேண்டில் ஃபில்டர் என்று நாம் சொல்லும் வெள்ளைக் குச்சி, சுட்ட மண்ணால் ஆனது. அதன் நுண்ணிய துளைகள் மண்ணையும் பெரும்பாலான கிருமிகளையும் பூச்சி முட்டைகளையும் பிடித்துக்கொள்ளும். செங்கண்மாரியைத் தரும் வைரசு மிகச் சிறியது, அது தப்பி வரலாம். கரண்ட் வேண்டாம், பைப் அழுத்தம் வேண்டாம், ஒரு துளி தண்ணீரும் வீணாகாது. மலைத் தோட்டக் குடும்பத்துக்கு இதுவே நல்ல தொடக்கம் என்பது நமது கருத்து. தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கினால் குச்சியைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் சவர்க்காரம் இல்லாமல் சுத்தத் தண்ணீரில் தேய்க்க வேண்டும். மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் அந்தக் குச்சி பயன் இல்லை, மாற்றிவிட வேண்டும். மண்ணோடு மரத்தூள் கலந்து சுட்டுச் செய்யும் பானை ஃபில்டரும் இதே வேலையைச் செய்கிறது. 1981இல் குவாத்தமாலா நாட்டில் ஏழைகளுக்கென்று உருவாக்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய முறை அது.

யூ.வி. விளக்கு வைத்த மெஷின் கிருமியையும் வைரசையும் கொல்லும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தால் மட்டுமே ஒளி உள்ளே போகும். மழைக் காலத்துக் கலங்கல் தண்ணீரில் அது வேலை செய்யாது, முதலில் வடித்தாக வேண்டும். கரண்ட் போனால் மெஷினும் போச்சு. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் நாளாக நாளாக அதன் சக்தி குறையும், சுமார் வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

கரி வைத்த ஃபில்டர் வாடையையும் நிறத்தையும் குளோரினையும் சில பூச்சிமருந்துகளையும் பிடிக்கும். கிருமிக்கு அது மருந்து அல்ல. குறித்த காலத்தில் மாற்றாமல் விட்ட கரிக்குள்ளேயே கிருமி வளரும். தண்ணீர் ருசியாக இருக்கிறது என்பதால் பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆர்.ஓ. மெஷின் கரைந்த உப்பு, புளோரைட், நைட்ரேட் எல்லாவற்றையும் பெருமளவு நீக்கும். கீழ்ப் பகுதியில் சோதனை முடிவில் புளோரைட் லீட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்குவதைவிட ஊருக்கு ஒரு பொது நிலையம் அமைத்துக் கேனில் எடுப்பது மலிவு, பராமரிப்பும் எளிது. வீட்டு மெஷின் ஒரு லீட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லீட்டரைக் கழிவாக வெளியே விடும். காலை பெரட்டுக்கு முன் ஒரு வாளிக்காகப் பீலியடியில் வரிசையில் நிற்கும் பெண்ணிடம், மூன்று வாளியைக் கானில் ஊற்றிவிட்டு ஒரு வாளி குடி என்று சொல்வது எந்த நியாயம்? உப்பே இல்லாத மலைத் தண்ணீருக்கு அந்த மெஷின் தேவையும் இல்லை.

கிருமிக்கு இன்னொரு வழி குளோரின். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றின் ஆழம் அகலம் அளந்து அளவு சொல்லிப் போட வேண்டும். நாமே கைப்பிடி கணக்கில் கொட்டக் கூடாது.

எந்த ஃபில்டரும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. வடித்த தண்ணீரைத் திறந்த சட்டியில் வைத்து, ஆளுக்கு ஆள் கோப்பையை முக்கி எடுத்தால் வடித்தது வீண். மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். பிள்ளைக் காம்பராவிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

கையெழுத்து வைக்கும் முன் கேட்க வேண்டியவை

சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த முடிவில் உள்ள எந்தக் குறையை உங்கள் மெஷின் நீக்கும் என்று கேளுங்கள். "எல்லாவற்றையும்" என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். குச்சி, விளக்கு, சவ்வு, கரி ஆகியவற்றை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதற்கு எவ்வளவு, பதுளையிலோ பண்டாரவளையிலோ அது கிடைக்குமா என்று கேளுங்கள். பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தவணையில் வாங்கினால் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் வேண்டாம். பொய் சொல்லி விற்றிருந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இருந்தால்தான் முறைப்பாட்டுக்குப் பலம்.

"அதுவரை பிள்ளை எதைக் குடிக்கும்?"

இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். "சங்கம் கடிதம் எழுதும், நிர்வாகம் பதில் போடும், ஆறு மாதம் ஓடும். என் பிள்ளைக்கு இன்றைக்குத் தண்ணீர் வேண்டுமே. உரிமை வரும்வரை காத்திருந்தால் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும். கடன்பட்டாவது மெஷின் வாங்குவது தப்பா?"

தப்பில்லை. ஆனால் இன்றைக்கு வேண்டியதைச் செய்ய 40,000 ரூபாய் தேவைப்படாது. இன்று இரவே தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கலங்கலாக இருந்தால் ஆற வைத்துத் தெளிய விட்டு, சுத்தமான துணியை நாலாக மடித்து வடித்து, பிறகு கொதிக்க வையுங்கள். முடிந்தால் ஒரு கேண்டில் ஃபில்டர். கிருமிதான் பிரச்சினை என்றால் இவை பெரும்பகுதி பாதுகாப்பைத் தந்துவிடும். புளோரைட்தான் பிரச்சினை என்றால் அது ஒரு நாளில் வந்த கெடுதி அல்ல. சோதனை முடிவு வரும்வரை பொறுத்திருந்து சரியான மெஷினை வாங்குவதே புத்தி.

கொதிக்க வைப்பதும் இலவசம் இல்லை என்பது நமக்குத் தெரியும். கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்த பெண்தான் விறகும் சுமக்கிறார், அடுப்படியிலும் நிற்கிறார். ஐந்து பேர் குடிக்கும் தண்ணீரைத் தினமும் கொதிக்க வைப்பது இன்னொரு அரைப் பேர் வேலை, கூலி இல்லாத வேலை. அதனால்தான் வீட்டுக்குள் தண்ணீரைச் சுத்தம் செய்வது தற்காலிக வழி என்கிறோம். நிரந்தர வழி கிணற்றடியில் இருக்கிறது.

நமது சொந்த வரலாறே இதற்குச் சாட்சி. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் வழியிலேயே வாந்திபேதியில் விழுந்தார்கள். பிறகு தோட்டங்களில் கொக்கிப்புழு. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் அதற்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மருந்து குடித்தவர் குணமானார். மலசலகூடம் இல்லாத தோட்டத்தில் அவருக்கே அந்தப் புழு மறுபடி ஏறியது. வீட்டில் ஃபில்டரை வைத்துவிட்டுக் கிணற்றுக்கு மேலே மலக்குழியை விட்டுவைப்பதும் அதே கதைதான்.

யாருடைய கடமை?

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் கொடுத்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே அதைச் சொன்னது. தண்ணீர் ஊறும் மலையும் காடும் இன்றும் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. ஊற்றுக்குப் பக்கத்தில் மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் நிர்வாகம். அப்படியிருக்க, அந்த ஊற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு மட்டும் தொழிலாளியின் கணக்கில் எப்படி வரும்?

பிரதேச சபையிடம் போனால் "தோட்டத்துக்குள் நாங்கள் வேலை செய்ய முடியாது" என்று பல வருஷம் பதில் கிடைத்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் அப்படிக் கதவை மூடியிருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது சபையின் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடலாம். பழைய பதிலை இன்றும் சொல்கிற உறுப்பினரிடம் இந்த ஆண்டைச் சொல்லுங்கள். பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28ஆம் திகதி தீர்மானம் நிறைவேற்றியது. நாம் கேட்பது தர்மம் அல்ல.

கிணறு தனி வீட்டு விவகாரம் இல்லை என்பதை ஊவா மக்கள் உமா ஓயாவில் கண்டார்கள். வெலிமடைப் பக்கத்து நீரை மலையைக் குடைந்து வெல்லவாயப் பக்கம் கொண்டுபோகும் திட்டம் அது. 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, தண்ணீர் பவுசரில் வந்தது. தண்ணீரே இல்லாத கிணற்றுக்கு எந்த ஃபில்டர் உதவும்? 2017 ஜூனில் மக்கள் பண்டாரவளை வீதியில் திரண்டு நின்ற பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி வந்து திட்டம் திறக்கப்பட்டது. கிணற்றை இழந்தவர்களின் கேள்வி திறப்பு விழாவோடு முடிந்துவிடவில்லை.

சோதனை நடந்தால் மட்டும் போதாது, முடிவு நமது கைக்கு வர வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போயின. அது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்த இடம். எச்சரிக்கை கோப்பில் இருந்தது, ஜனங்கள் லயத்தில் இருந்தார்கள். தண்ணீர்ச் சோதனை முடிவும் அப்படிக் கோப்பில் தூங்கக் கூடாது. தமிழில் எழுதிப் பெரட்டுக்களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் ஒட்ட வேண்டும். அரச நிறுவனம் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம்.

நாம் வைக்கும் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு தோட்டத்திலும் டிவிசன் வாரியாகக் குடிநீர்க் கிணறுகள், ஊற்றுகள், டாங்கிகள் அனைத்தையும் பட்டியலிட்டு, வருஷத்துக்கு இரண்டு முறை நிர்வாகச் செலவில் சோதிக்க வேண்டும்.

2. ஊற்றுக்கு மேலே வேலி அடைத்துக் காடு வளர விட வேண்டும். அந்தச் சரிவில் மருந்தும் உரமும் போடக் கூடாது. மலக்குழியும் மாட்டுப்பட்டியும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும், 100 அடி இருந்தால் நல்லது. கிணற்றுக்கு நேர் மேலே சரிவில் இருந்தால் தூரத்தை நம்பாமல் இடத்தையே மாற்ற வேண்டும்.

3. கிணற்றைச் சுற்றிக் கட்டும் சீமெந்துத் தரையும் மூடியும் வேண்டும். டாங்கியைக் காலம் குறித்துக் கழுவ வேண்டும், மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் பின் குளோரின் இட வேண்டும்.

4. சோதனையில் கிருமி கண்ட டிவிசனில், ஊற்று சரியாகும்வரை வீட்டுக்கு ஒரு கேண்டில் ஃபில்டரை நிர்வாகம் இலவசமாகத் தர வேண்டும். புளோரைட் கூடிய இடங்களில் பொது ஆர்.ஓ. நிலையத்தைப் பிரதேச சபையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் அமைக்க வேண்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

தோட்டத் தலைவர்களும் மாதர் அணித் தலைவிகளும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் டிவிசனில் எத்தனை கிணறு, எத்தனை பீலி, எந்த லயம் எதில் குடிக்கிறது, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். படித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடந்த வருஷம் எந்த வீட்டில் வயிற்றோட்டம், செங்கண்மாரி வந்தது என்பதையும் குறியுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் அவரும் உதவுவார்.

அந்தத் தாளோடு ஒரு கடிதம் தோட்ட நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு, ஒரு பிரதி பிரதேச சபைக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீர் மாதிரி எடுக்க வரும்போது தலைவரும் இரண்டு தாய்மார்களும் கூட நில்லுங்கள். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, குளிரில் வைத்து, அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். சோடாப் போத்தலில் பிடித்துக் கொடுத்து வரும் முடிவை நம்ப முடியாது. நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டியும் சோதிக்கலாம். ஒரே கிணற்றில் குடிக்கும் 20 வீடுகள் பங்கு போட்டால் ஒரு வீட்டுக்கு வரும் பங்கு மிகச் சிறியது. தனித்தனியாக மெஷின் வாங்கும் செலவோடு அதை ஒப்பிடவே முடியாது.

ஃபில்டர்காரர் மறுபடி வருவார். வரட்டும். அன்றைக்கு லயத்தில் ஒரு தாயாவது, "எங்கள் கிணற்றுச் சோதனை முடிவு இதோ, இதற்கு எது சரி என்று சொல்லுங்கள்" என்று கேட்கட்டும். சரியான பதில் சொன்னால் யோசிப்போம். சொல்லாவிட்டால் வந்த வழியைக் காட்டுவோம். நிர்வாகத்திடமும் அதே தாளைக் காட்டி நமது தண்ணீரைக் கேட்போம்.